மூன்று ஆண்டு வெள்ளிக்கிழமைகளும் பத்தாயிரம் டாலர் நுழைவுக் கட்டணமும்

கேள்வி: அமெரிக்காவில் டல்லாஸ் வட்டாரத்தில் வசிக்கிறேன். வயது 38, மென்பொருள் வேலை. மூன்று ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் நண்பர்கள் ஏழு பேர் கூடிப் பணம் வைத்துப் போக்கர் ஆடுகிறோம். ஆளுக்கு 100 டாலர். பிளைண்ட், அதாவது சீட்டுப் போடுமுன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை, சிறியது அரை டாலர், பெரியது ஒரு டாலர். குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கும் கணக்குப்படி இதுவரை நான் 1,900 டாலர் லாபத்தில் இருக்கிறேன். ஏழு பேரில் அதுவே அதிகம். லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முடிவுகளை ஒவ்வொரு கோடையிலும் படித்துவருகிறேன். பெயர் கேள்விப்படாதவர்கள் பெருந்தொகை வெல்வதைப் பார்க்கும்போது, நானும் 10,000 டாலர் கட்டி முதன்மைப் போட்டியில் ஒருமுறை உட்கார வேண்டும் என்று தோன்றுகிறது. நண்பர்கள் நால்வர் பாதிப் பணம் போட்டு, வந்தால் பாதியைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருக்கிறார்கள். பயிற்சிக்காக வீட்டு ஆட்டத்தின் பிளைண்டை இரண்டு டாலர், ஐந்து டாலர் என்று உயர்த்தலாம் என்றும், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு டாலர் எடுத்துச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் சேர்க்கலாம் என்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்களில் ஒருவர் சில மாதங்களாகத் தொடர்ந்து தோற்கிறார். முன்போலப் பேசுவதும் இல்லை. நான் போகலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டதற்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வராது என்று எண்ணிச் செலவிடக்கூடிய பணம் உங்களிடம் இருந்து, உங்கள் மனைவியும் மனம் ஒப்பினால், ஒருமுறை போய் ஆடிவிட்டு வாருங்கள். ஆனால் அந்தப் பயணத்துக்காக வெள்ளிக்கிழமை ஆட்டத்தை மாற்றாதீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது விஷயம்தான். அதற்கு வருமுன் உங்கள் குறிப்பேட்டையும் நீங்கள் கோடைதோறும் படிக்கும் முடிவுப் பட்டியலையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டிலிருந்தும் அவை சொல்லாத ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர்க் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். சிறிது காலம் நன்றாக நடந்த ஒன்றைப் பார்த்து, அது இனியும் அப்படியே நடக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்த வேலையின் பெரும்பகுதி. அந்தப் பழக்கத்தில் உங்கள் 1,900 டாலரை எடுத்துப் பார்க்கிறேன். ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பதை ஒரு கை என்று வைத்துக்கொண்டால், வீட்டு மேசையில் மணிக்கு ஏறக்குறைய 25 கைகள் நடக்கும். நான்கு மணி நேரத்துக்கு 100 கைகள். ஆண்டுக்கு 50 வெள்ளிக்கிழமைகள் என்றால் மூன்று ஆண்டில் 150 இரவுகள், 15,000 கைகள். நீங்கள் ஆடும் ஹோல்டெம் வகையில் 100 கைகளுக்கான ஏற்ற இறக்கம், அதாவது புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்வது, பொதுவாக 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை இருக்கும். நடுவே 90 என்று கொள்வோம். உங்கள் மேசையில் அது ஓர் இரவுக்கு 90 டாலர். நீங்கள் சராசரியாக வென்றதோ ஓர் இரவுக்கு 12 டாலர் 67 சென்ட். இத்தனை சிறிய லாபம் இத்தனை பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்போது, அதைக் கண்டு உறுதியாக ஒரு முடிவுக்கு வர நீண்ட காலம் பிடிக்கும்.

150 இரவுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் வெறும் சீட்டு விழுந்த விதத்தாலேயே ஒருவர் 1,100 டாலர் மேலேயோ கீழேயோ இருப்பது மிகவும் இயல்பானது. அதோடு, மேசையில் ஏழு பேர் இருக்கும்போது யாராவது ஒருவர் முதலிடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஏழு பேரும் ஒரே அளவு திறமை உடையவர்கள் என்று வைத்துக் கணக்கிட்டாலும், மூன்று ஆண்டு முடிவில் முதலிடத்தில் இருப்பவர் சராசரியாக 1,500 டாலரையொட்டிய லாபத்தில் இருப்பார். உங்கள் 1,900 அதைவிடச் சற்றுத்தான் அதிகம். உங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. திறமை இருக்கிறது என்பதற்கு இந்தக் குறிப்பேடு இன்னும் சாட்சியாகவில்லை, அவ்வளவுதான். இதே வேகத்தில் நீங்கள் வென்றுகொண்டே போனால், ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல ஏறக்குறைய 450 இரவுகள் வேண்டும். அது ஒன்பது ஆண்டுக் கணக்கு. அப்போதும் அது உங்கள் ஆறு நண்பர்களைவிட நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள் என்று சொல்லுமே தவிர, லாஸ் வேகஸில் எதிரே உட்காரப்போகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இனி முடிவுப் பட்டியல். 2024ஆம் ஆண்டின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் எண்கள் இந்தப் பாடத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. 10,112 பேர் பணம் கட்டினார்கள். ஒவ்வொருவரும் கட்டிய 10,000 டாலரில் 9,300 பரிசுத் தொகைக்குப் போனது. மீதி 700 போட்டியை நடத்துவதற்கு. மொத்தப் பரிசு 9 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பரிசு பெற்றவர்கள் 1,517 பேர். மற்ற 8,595 பேர் வெறுங்கையுடன் வீடு திரும்பினார்கள். மிகக் குறைந்த பரிசு 15,000 டாலர், அதாவது கட்டியதற்கு மேல் 5,000. வென்ற ஜொனாதன் தமாயோவுக்கு ஒரு கோடி டாலர், இரண்டாம் இடத்துக்கு 60 லட்சம், ஒன்பதாம் இடத்துக்கு 10 லட்சம். இறுதி மேசையில் உட்கார்ந்த ஒன்பது பேர் பெற்றதைக் கூட்டினால் 3 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வருகிறது. மொத்தப் பரிசில் மூன்றில் ஒரு பங்கு.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த ஒன்பது பேரை எடுத்துவிட்டால், மீதி 10,103 பேருக்கு மிஞ்சியது ஆளுக்குச் சராசரியாக 6,200 டாலர்தான். ஆகவே இறுதி மேசையை எட்டாத ஒருவருக்கு 10,000 டாலர் என்பது சராசரியில் 6,200 ஆகத் திரும்புகிறது, அந்தச் சராசரிக்குள்ளும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது பூஜ்யம். பட்டியலைப் படிக்கும்போது இது கண்ணில் படாது, ஏனென்றால் பட்டியலில் அச்சாவது வென்றவர்களின் பெயர்கள் மட்டுமே. பரிசுக்கு வெளியே போன எட்டாயிரத்துச் சொச்சம் பேரின் பெயரைப் போட்டு எந்த முடிவுப் பக்கமும் வருவதில்லை. சராசரித் திறமை உள்ள ஒருவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து இந்தப் போட்டிக்குப் போனாலும், ஒருமுறைகூடப் பரிசு வாங்காமல் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 44. மற்றவர்களைவிடத் தெளிவாக நன்றாக ஆடி ஐந்தில் ஒருமுறை பரிசுக்குள் வரக்கூடியவருக்கும் அது நூற்றுக்கு 33.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் வாழ்நாள் வெற்றித் தொகை என்று நீங்கள் பார்க்கும் எண்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். போக்கர் போட்டி முடிவுகளைத் தொகுக்கும் ஹெண்டன் மாப் போன்ற தரவுத்தளங்களில் பதிவாவது பெற்ற பரிசு மட்டுமே. அதைப் பெறுவதற்குக் கட்டிய நுழைவுக் கட்டணங்கள் அதில் கழிக்கப்படுவதில்லை. பெயருக்கு நேரே 20 லட்சம் டாலர் என்றிருப்பவர் அதே காலத்தில் 22 லட்சம் கட்டியிருக்கலாம், அல்லது 5 லட்சம் மட்டும் கட்டியிருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மேலும் பலர் தம் ஆட்டத்தின் பங்குகளைப் பிறருக்கு விற்றுவிட்டே உட்காருகிறார்கள். பரிசு முழுவதும் அவர்கள் கைக்கு வருவதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கடைக் கணக்கை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் குறிப்பேட்டில் போட்டதும் எடுத்ததும் இரண்டும் இருக்கின்றன. அந்த வகையில் அது இந்தப் பட்டியல்களைவிட நேர்மையானது.

பெயர் கேள்விப்படாதவர்கள் வெல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 2003இல் டென்னசி மாநிலத்துக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதிச் சுற்று வழியாக இடம்பிடித்து வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர். மூன்றே ஆண்டில், 2006இல், அந்த எண்ணிக்கை 8,773 ஆயிற்று. அவரைப் பார்த்து வந்தவர்களால் கூட்டம் பத்து மடங்கு பெருத்தது. அப்படிப் பெருத்த கூட்டத்தில் தனி ஒருவர் அவரைப் போல வெல்வதற்கான வாய்ப்பு அதே அளவுக்குச் சுருங்கியது.

ஆட்டமும் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு டாலர் சிப், அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை, எப்போதும் ஒரு டாலர்தான். தோற்றால் மீண்டும் 100 டாலர் போட்டு உட்காரலாம், தூக்கம் வந்தால் எழுந்து போகலாம், பிளைண்ட் விடியும்வரை மாறாது. வேகஸில் 60,000 சிப் கொடுத்து உட்கார வைப்பார்கள். அவற்றைப் பணமாக மாற்ற முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறும். சிப் தீர்ந்தால் போட்டி முடிந்தது. இந்த வேறுபாடு வெறும் விதி வேறுபாடு அன்று, சரியான முடிவு எது என்பதையே அது மாற்றிவிடுகிறது. ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். மூன்று பேர் மிச்சம், மூவரிடமும் சம அளவு சிப், பரிசு 500, 300, 200 டாலர். இந்நிலையில் ஒவ்வொருவரின் இடத்துக்கும் மதிப்பு 333 டாலர். நீங்கள் எல்லாச் சிப்பையும் வைத்து ஒருவரோடு மோதுகிறீர்கள். வென்றால் உங்களிடம் சிப் இரு மடங்காகும், ஆனால் முதலிடத்துக்கு மூன்றில் இரண்டு, இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று என்ற வாய்ப்பில் உங்கள் இடத்தின் மதிப்பு 433 ஆகத்தான் உயரும். தோற்றால் 200 வாங்கிக்கொண்டு எழ வேண்டும். வெற்றி தோல்வி சரிபாதி வாய்ப்பு என்றால் சராசரி 317. மோதாமல் இருந்ததைவிடக் குறைவு. இந்த மோதல் நட்டமில்லாமல் முடிய உங்களுக்கு நூற்றுக்கு 57 வாய்ப்பாவது வேண்டும். வெள்ளிக்கிழமை மேசையிலோ நூற்றுக்கு 51 இருந்தாலே துணிந்து வைப்பது சரியான ஆட்டம். மூன்று ஆண்டுகளாக உங்கள் கை பழகியிருப்பது அந்த 51க்கு. இதனால்தான் பிளைண்டை இரண்டு–ஐந்துக்கு உயர்த்துவது பயிற்சி ஆகாது என்கிறேன். அதே பழக்கத்தையே ஐந்து மடங்கு பணத்தோடு உறுதிப்படுத்திக்கொள்வீர்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் போட்டியில்தான் பழக வேண்டும். டல்லாஸிலிருந்து வடக்கே ரெட் ஆற்றைத் தாண்டினால் ஓக்லஹோமாவின் தாக்கர்வில்லில் வின்ஸ்டார் என்ற சூதாட்ட விடுதி இருக்கிறது. அங்கே சிறு கட்டணப் போட்டிகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட போட்டிகளில் ஒரு பத்துப் பன்னிரண்டு முறை ஆடிப் பாருங்கள். பரிசு வராமல் வீடு திரும்பும் இரவுகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேகஸிலும் நேரே 10,000 கட்ட வேண்டியதில்லை. அங்கேயே நடக்கும் தகுதிப் போட்டிகளில் சிறிய தொகைக்கு இடம் வெல்ல முயலலாம். அதற்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அது தீர்ந்தால் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறைக் கணக்கையும் மறக்க வேண்டாம்: முதல் நாளே வெளியேறவும் நேரலாம், நன்றாகப் போனால் இரண்டு வாரம் ஆகவும் செய்யலாம்.

நண்பர்கள் போடும் 5,000 டாலரைப் பற்றி. வாங்கலாம், ஆனால் எழுத்தில். யார் எவ்வளவு போட்டார், எந்தப் போட்டிக்கு மட்டும், பரிசில் எத்தனை சதவீதம், வரிக்கு முன்னா பின்னா, பயணச் செலவு யாருடையது என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நால்வரும் நீங்களும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இது என்று தோன்றும். 2006இல் 1 கோடியே 20 லட்சம் டாலர் வென்ற ஜேமி கோல்டிடம், பாதி தருவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். பணத்தில் பாதி சில மாதம் நீதிமன்றத் தடையில் கிடந்தது. மறு ஆண்டில் இருவரும் வெளியே சமரசம் செய்துகொண்டார்கள். பெருந்தொகை வரும்வரை எல்லா வாய்மொழி ஒப்பந்தமும் தெளிவாகத்தான் இருக்கும்.

வரிக்கும் இந்தத் தாள் உதவும். பரிசை உங்கள் பெயரில் வாங்கினால் வரித்துறைக்கும் உங்கள் பெயரில்தான் தகவல் போகும். பங்கு உள்ளவர்களின் பெயர்களைக் காட்டுவதற்கு 5754 எண் படிவம் இருக்கிறது, பரிசு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாவிட்டாலும் நடுவண் வரி உண்டு. 2026 முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது: சூதாட்ட இழப்பில் 90 சதவீதத்தை மட்டுமே வெற்றியிலிருந்து கழிக்க முடியும், அதுவும் கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கணக்குக் கொடுப்பவர்களுக்குத்தான். ஓர் ஆண்டில் 20,000 வென்று 20,000 தோற்றவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் 2,000 டாலருக்கு வரி உண்டு. நீங்கள் பட்டியலிடாமல், வழக்கமான நிலைக்கழிவை (எல்லோருக்கும் பொதுவாக அனுமதிக்கப்படும் தொகையை) எடுப்பவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். போவதற்கு முன்பே உங்கள் வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு கையிலும் ஒரு டாலர் எடுப்பது என்ற யோசனையை இன்றே கைவிடுங்கள். டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தில் சூதாட்டம் குற்றம். உங்களைப் போன்ற வீட்டு ஆட்டங்களைக் காப்பது அதில் உள்ள ஒரு விலக்கு மட்டுமே. தனியிடமாக இருக்க வேண்டும், ஆடி வெல்வதைத் தவிர யாருக்கும் வேறு பொருளாதார ஆதாயம் இருக்கக்கூடாது, திறமையும் அதிர்ஷ்டமும் தவிர்த்து எல்லோருக்கும் வெற்றி தோல்வி வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் பயணத்துக்காக நடுவிலிருந்து எடுக்கப்படும் ஒரு டாலர் இரண்டாவது நிபந்தனையை நேரடியாக உடைக்கிறது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் கணக்கு நல்லதாக இல்லை: இரவுக்கு 100 கைகள் என்றால் 100 டாலர் மேசையை விட்டுப் போகிறது, ஏழு பேர் கொண்டுவந்த 700இல் ஏழில் ஒரு பங்கு. அப்படி நடந்தால் ஒரே ஆண்டில் ஏழு பேரில் பெரும்பாலோர் நட்டத்தில் இருப்பார்கள், நீங்கள் உட்பட. சாப்பாட்டை முறைவைத்து ஆளுக்கொரு வாரம் கொண்டுவாருங்கள்.

பிளைண்டை உயர்த்துவதில் எனக்குள்ள பெரிய மறுப்பு, உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக வரும் அந்த நண்பரைப் பற்றியது. அரை டாலர், ஒரு டாலர் மேசையில் கெட்ட இரவு என்பது 200 டாலர். இரண்டு–ஐந்தில் அதே கெட்ட இரவு 1,000 டாலர். ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவர், எல்லோரும் கையுயர்த்தும்போது தாம் மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நம்மவர்களிடையே, அதுவும் ஊரைவிட்டு வந்த இடத்தில் இருக்கும் சில நண்பர்களிடையே, பணம் கட்டுப்படியாகவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பேசாமல் இருப்பதே அவருடைய விடையாக இருக்கலாம். உங்கள் லாபமான 1,900 டாலர் எங்கிருந்தோ வந்ததல்ல. ஏழு பேர் கணக்கையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். அவர் குறிப்பேட்டில் கழித்தல் குறியோடு இருப்பதில் ஒரு பகுதிதான் உங்கள் குறிப்பேட்டில் கூட்டல் குறியோடு இருக்கிறது. இதற்காக நீங்கள் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை, நேர்மையாக ஆடி வென்றது. ஆனால் அவரிடம் முதலில் போய்ப் பேச வேண்டியவர் வீட்டுக்காரரும் அதிகம் வென்றவருமான நீங்கள்தான். ஆட்ட இரவில் வேண்டாம், மற்றவர்கள் முன்னிலையிலும் வேண்டாம். தோற்றதைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொல்ல வேண்டாம், அது அவரைப் புண்படுத்தும். பிளைண்டைக் குறைக்க நீங்களே எண்ணியிருப்பதாகச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

உங்கள் மனைவியின் மறுப்புக்குக் காரணம் நீங்கள் எழுதவில்லை. 10,000 டாலரா, இரண்டு வாரமா, அல்லது இதோடு நிற்காது என்ற அச்சமா என்று கேட்டீர்களா? மூன்றுக்கும் விடை வேறு. முதல் இரண்டையும் எண்களால் பேசலாம். மூன்றாவதுதான் காரணம் என்றால், ஒரே முறை, இந்தத் தொகைக்கு மேல் இல்லை என்று நண்பர்களுக்கு எழுதிக் கொடுக்கும் அதே தாளில் அவருக்கும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு உங்கள் மனம் தயங்கினால், இந்த ஆண்டு போக வேண்டாம்.

உங்கள் மேசைக்கு ஒரு மாற்று வழி சொல்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கு 20 டாலர் வைத்து ஒரு சிறு போட்டி நடத்துங்கள். சேரும் 140 டாலரை 70, 42, 28 என்று மூன்று இடங்களுக்குப் பிரித்து முழுவதும் கொடுத்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்டை உயர்த்துங்கள். மறுபடி பணம் போட்டு உட்காருவதற்கு இடம் வேண்டாம். வேகஸில் தேவைப்படும் பழக்கம் உங்களுக்கு அதில் கிடைக்கும். அந்த நண்பரும் எவ்வளவு மோசமாகப் போனாலும் 20 டாலருக்கு மேல் இழக்காமல் இரவு முழுவதும் உங்களோடு உட்கார்ந்திருக்கலாம். முதலில் வெளியேறுபவர் அன்றைக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கட்டும்.